பாவு நீளத்தில் தொடங்கும் கழிவு: ஆறு தறிக் கைத்தறிக் கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலையைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் ஒன்றில் இயங்கும் சிறு கூடம் இது. நான்கு குழித்தறி, இரண்டு மேடைத்தறி, மூன்று தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை. நெசவாளர்கள் ஆறு பேர், தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) சுற்ற வயதான அம்மா ஒருவர், கட்டிங் மாஸ்டர் ஒருவர், தையல்காரர்கள் இருவர். நடத்துவது ஒரு அக்காளும் தம்பியும். நூல், தறி, கூலிக் கணக்கு தம்பி பொறுப்பு. டிசைன், தையல், விற்பனை அக்காள் பொறுப்பு. கழிவு எங்கே பிறக்கிறது என்பது இருவரில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாமல் போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

நெய்தது பெரும்பாலும் ஒரே தரத் துணி. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றும் இழைக்கு, 2/40 (40-ம் நம்பர் இரட்டை இழை). ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, 20-ம் நம்பர் நூல். தறியில் அங்குலத்துக்கு 44 பாவு இழை, 40 ஊடை இழை. ஒரு பாவில் 2,140 இழை. அலசிக் காய்ந்த பிறகு துணியின் அகலம் 46 அங்குலம், மீட்டருக்கு எடை சுமார் 120 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு குர்தாவாகவும் சமையலறைத் துண்டாகவும் கூடத்திலேயே தைக்கப்பட்டது. மீதி மீட்டர் துணியாக கோவை, சென்னை, பெங்களூரு கடைகளுக்குப் போனது.

2021 முதல் கூடம் தன் பொருள்களில் 'ஜீரோ வேஸ்ட்' என்று அச்சிட்ட அட்டையைத் தொங்கவிட்டு வந்தது. வெட்டில் விழும் துண்டுகளை ஒட்டுத்துணிப் பை, டம்ளர் விரிப்பு, தலைமுடி வளையம் என்று தைத்து விற்பதுதான் அந்த அட்டைக்கு ஆதாரம்.

பிரச்சினை கண்ணில் பட்டது

2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சாயமிட்ட சிட்டா நூல் (சிட்டம் என்னும் வளையச் சுற்றாக வரும் நூல்) கூடத்துக்கு வந்து சேரும்போது கிலோ 520 ரூபாய். ஜூனில் தம்பி நூல் கணக்கை விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாங்கிய நூலுக்கும் விற்ற துணிக்கும் இடையே நாலில் ஒரு பங்கு குறைந்தது. பின்கட்டில் துண்டுத்துணி மூட்டைகள் பதினொன்று கிடந்தன. அலமாரியில் 34 நிறங்களில் 71 கிலோ மீதி நூல். எந்த நிறத்திலும் ஒரு நீண்ட பாவுக்குப் போதுமான நூல் இல்லை.

துண்டிலிருந்து பொருள் செய்வது கைகொடுக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். ஒட்டுத்துணிப் பை ஒன்றுக்குத் துண்டு பொறுக்கி, அயர்ன் செய்து, ஒட்டித் தைக்க 70 நிமிடம் ஆனது. தையல் கூலி நாளுக்கு 550 ரூபாய். ஆக ஒரு பைக்குக் கூலி மட்டும் 80 ரூபாய், ஜிப் 12, உள்துணி 25. மொத்தம் 117. பை விலை 180. கடைக்காரர் கமிஷன் 35 சதவீதம் போனால் கைக்கு வருவதும் 117. நூற்கண்டு, கரண்ட், பேக்கிங் எல்லாம் கைக்காசு. அதோடு, துண்டு விழும் வேகத்துக்குப் பை விற்கவில்லை. மூட்டை வளர்ந்ததற்கு அதுவே காரணம்.

துண்டுகளைப் பொடியாக நறுக்கித் தலையணை, மெத்தைத் திண்டுக்குள் அடைக்கும் யோசனையும் நடந்தது. 16 அங்குலத் திண்டு ஒன்றுக்கு 1.4 கிலோ பிடித்தது. பாலியஸ்டர் பஞ்சு 400 கிராம் போதும். கனமும் கூடி, ஒரு முறை துவைத்ததும் மூலைக்கு மூலை கட்டி தட்டிப்போனது. இதை அங்கேயே விட்டார்கள்.

மூன்று மாத எடை

ஜூலை முதல் செப்டம்பர் 2022 வரை எதையும் மாற்றாமல் எடை மட்டும் போட முடிவானது. தறி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பை, தார் சுற்றும் இடத்தில் ஒரு பை, வெட்டு மேசைக்கடியில் ஒரு கூடை. சனிக்கிழமைதோறும் எடை. வேலை பார்க்கிறவர்களைத் திட்டுவதற்காக இல்லை என்று முதல் நாளே சொன்னதால் பைகள் ஒழுங்காக நிரம்பின. சொல்லாமல் வைக்கிற இடங்களில் பாதிக் கழிவு வீட்டு அடுப்புக்கும் சைக்கிள் துடைக்கவும் போய்விடும், கணக்கு பொய்யாகும்.

மூன்று மாதத்தில் தறிக்குக் கொடுத்த நூல் 253 கிலோ. நெய்து வந்தது 1,850 மீட்டர், 222 கிலோ. நெசவுக் கட்டத்தில் போனது 31 கிலோ. இதில் பாவின் தலைப்பிலும் கடைசியிலும் 11.5 கிலோ, தாரில் மிஞ்சியது 10, சிட்டம் பிரிக்கும்போது அறுந்தும் சிக்கியும் போனது 5, கெட்டுப்போன துணி 4.5. தைக்கப் போன 144 கிலோ துணியில் வெட்டுத்துண்டு 30 கிலோ. மொத்தம் 61 கிலோ, வந்த நூலில் 24 சதவீதம்.

எடையில் 31-ம் 30-ம் ஒன்றுபோலத் தெரியும். காசில் அப்படியில்லை. ஒரு கிலோ நூல் வீணானால் நட்டம் 520 ரூபாய். துணியில் மீட்டருக்கு நூல் 62 ரூபாய், நெசவுக் கூலி 60, பாவு ஓட்டுவது, தார், அலசல் எல்லாம் சேர்த்து 20. ஆக மீட்டர் 142. கிலோவுக்குச் சுமார் 1,180. நெய்த பிறகு விழும் துண்டு, நூலாக விழும் கழிவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கொண்டது. வெட்டு மேசைக் கூடையில் மூன்று மாதத்தில் விழுந்தது 35,000 ரூபாய்க்கும் மேல்.

பாவில் ஏன் அவ்வளவு போனது

அந்த மூன்று மாதத்தில் ஏறக்குறைய நூறு பாவு மாறியிருந்தது. கடைகள் 'எங்களுக்கு மட்டும்' என்று தனி நிறம் கேட்க, 12 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் பாவு ஓட்டியிருக்கிறார்கள்.

பாவு முடியும் தறுவாயில், கடைசி நுனி விழுதைத் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) தாண்டி வராது. அச்சுக்கும் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு) விழுதுக்கும் பின்னால் அரை மீட்டருக்கு மேல் நெய்ய முடியாமல் நிற்கும். அது தறியின் அமைப்பு, ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அளந்து பார்த்தால் நின்றது 1.25 மீட்டர். காரணம் கூலி. கடைசி ஒரு மீட்டரில் இழைகள் சரியாக விரியாது, நாடா (தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) இடிக்கும், இழை அறும். கூலியோ எல்லா மீட்டருக்கும் ஒரே 60 ரூபாய். மூத்த நெசவாளர் ஒருவர் இதை மறைக்கவில்லை: "கடைசி ஒரு மீட்டரு நெய்யறதுக்குள்ள புதுப் பாவுல ரெண்டு மீட்டரு ஓட்டிப்போடலாமுங்க. எதுக்குக் கட்டி அழோணும்?"

அடுத்தது பிணைப்பு. பழைய பாவின் இழைகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு, புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பதுதான் வழக்கம். இரண்டு பாவும் ஒரே நிறமானால் பிணைத்த இடம் வரை நெய்துவிடலாம், இழப்பு கையளவுதான். நிறம் மாறினால் முன்னால் நிற்கும் பழைய இழையில் நெய்ததை எந்தக் கடைக்கும் அனுப்ப முடியாது. தொடக்கத்தில் இழுப்பு சமமாகும் வரை நெய்கிற சில அங்குலமும் போகும். எல்லாம் சேர்த்துப் பாவுக்கு 1.8 மீட்டர். 2,140 இழைக்கு அது 114 கிராம்.

114 கிராம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 60 மீட்டர் பாவில் அது 3 சதவீதம். 12 மீட்டர் பாவில் 15 சதவீதம். 'குறைவாக, தனித்தன்மையோடு செய்கிறோம்' என்று பெருமைப்பட்ட அதே ஏற்பாடுதான் கழிவைக் கூட்டியது.

பிணைக்கிற நேரமும் சின்னதல்ல. 2,140 இழை பிணைக்க இருவருக்கு முக்கால் நாள், தறி அதுவரை சும்மா நிற்கும். நூறு பாவுக்கு 75 தறிநாள். மீட்டர் கூலிக்கு நெய்கிறவருக்கு அந்த நாள்களில் பிணைப்புக் கூலி மட்டும்தான்.

முதல் முடிவு: ஒரே பாவு, பல ஊடை

2022 அக்டோபரில் பாவு நிறங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன: அரை வெள்ளை, கருநீலம். நான்கு தறிக்கு வெள்ளை, இரண்டு தறிக்கு நீலம், நிரந்தரமாக. பாவு நீளம் 60 மீட்டர். நிறமும் கோடும் கட்டமும் இனி ஊடையில் மட்டும். தனி நிறம் கேட்கும் கடைக்கு 10 மீட்டர் வேண்டுமானாலும் அதே பாவில் 10 மீட்டர் நெய்து கொடுக்கலாம், தறியை நிறுத்த வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. வெள்ளைப் பாவில் மெரூன் ஊடை போட்டால் மெரூன் வராது, வெளுத்த செங்கல் நிறம்தான் வரும். ஆழ்ந்த ஒற்றை நிறத் துணி மட்டுமே வாங்கிய ஒரு கடை விலகியது. மொத்த விற்பனையில் அதன் பங்கு ஏழில் ஒன்று. ஈடு கட்ட எட்டு மாதம் ஆனது. இந்த இழப்பை முன்பே கணக்கில் எடுத்துத்தான் முடிவு எடுத்தார்கள். கழிவுக்காக மட்டும் என்றால் துணிந்திருக்க மாட்டார்கள், 75 தறிநாள் கணக்குதான் தராசைச் சாய்த்தது.

கடைசி ஒரு மீட்டருக்குக் கூலி இரட்டிப்பாக, 120 ரூபாய் ஆக்கப்பட்டது. பீமில் (பாவு சுற்றிய உருளை) கடைசி மூன்று மீட்டர் இருக்கும் இடத்தில் சாயக்குறி வைத்து, குறி தெரிந்ததும் தம்பியிடம் சொல்ல ஏற்பாடு. இரண்டே வாரத்தில் நுனி 1.25 மீட்டரிலிருந்து 65 சென்டிமீட்டருக்கு வந்தது. அதற்குக் கீழே இறக்க முயன்றதில் இழை அறுந்து துணியில் பல் விழுந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது முடிவு: தாருக்கு எடை

நிறம் முழுக்க ஊடைக்கு மாறியதும் தார்க் கழிவு ஏறத்தான் செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். முன்பே 10 கிலோ போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தார் முழுசாகச் சுற்றி வைக்கப்பட்டதே காரணம். தார் சுற்றும் அம்மாவுக்குச் சிட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. குறைவாகச் சுற்றினால் எண்ணிக்கை கூடி நேரம்தான் போகும், வரும்படி கூடாது. இரண்டு அங்குலக் கோடு முடிந்ததும் தாரில் முக்கால்வாசி நூல் நிற்கும். அது டப்பாவுக்குப் போய், வேறு நிறங்களோடு சிக்கி, பிறகு குப்பை.

கணக்கு எளிது. 20-ம் நம்பர் நூல் கிராமுக்கு ஏறக்குறைய 34 மீட்டர். இந்த அகலத்தில் ஒரு ஊடைக்கு 1.25 மீட்டர் வேண்டும். 10 கிராம் தாரில் 270 ஊடை, அதாவது அங்குலத்துக்கு 40 வீதம் ஆறேமுக்கால் அங்குலத் துணி. ஆக ஒரு அங்குலக் கோட்டுக்கு ஒன்றரை கிராம். இதை ஒரு அட்டையில் எழுதித் தார் சுற்றும் இடத்தில் மாட்டினார்கள்: அரை அங்குலம் முக்கால் கிராம், இரண்டு அங்குலம் 3 கிராம், நான்கு அங்குலம் 6 கிராம். பத்தில் ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கப்பட்டது. அந்த அம்மாவின் கூலி நாளுக்கு 350 ரூபாய் என்று மாறியது. அட்டையைவிடக் கூலி மாற்றம்தான் வேலை செய்தது என்பது நெசவாளர்கள் அபிப்பிராயம், அது சரியாகவே படுகிறது.

முதல் வாரம் சிக்கலும் வந்தது. கணக்குக்குச் சரியாகச் சுற்றிய தார், கோடு முடிய நாலு ஊடைக்கு முன்பே தீர்ந்தது. நெசவாளர் வேறு தார் கேட்டு எழுந்து போக வேண்டியதாயிற்று. ஓரத்தில் திரும்பும் நூலும் தாரின் அடிச்சுற்றும் கணக்கில் விட்டுப்போயிருந்தன. எல்லா அளவுக்கும் அரை கிராம் கூட்டியதும் சரியாயிற்று.

இன்னும் மிஞ்சும் தாரை நிறம் பார்க்காமல் ஒவ்வொரு பாவின் கடைசி ஒன்றரை மீட்டரில் போட்டுவிடச் சொன்னார்கள். அந்தத் துணி விற்பனைக்கு இல்லை. குர்தாவின் உள்பாக்கெட், கழுத்து உள்பட்டி ஆகியவற்றுக்குப் போகிறது. முன்பு இவற்றுக்கு நல்ல துணியை வெட்டினார்கள்.

சாயமும் மீதி நூலும்

34 நிறம் சேர்ந்ததற்குச் சாயப்பட்டறையின் குறைந்தபட்ச அளவு காரணம். ஒரு கட்டுக்கு, அதாவது சுமார் 4.5 கிலோவுக்குக் குறைந்து சாயம் போடமாட்டார்கள். தேவை 3 கிலோ என்றால் ஒன்றரை கிலோ அலமாரிக்குப் போகும். அதே நிறத்தை அடுத்த முறை போட்டால் முந்தையதோடு ஒத்துவராது. பக்கத்தில் பக்கமாக நெய்தால் கோடு அடித்தாற்போல் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் அண்டா வைத்துத் தாங்களே சிறிதளவு சாயம் போட்டுக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்தது. அது நல்ல வேளையாகப் பேச்சோடு நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்பது நொய்யலையும் காளிங்கராயன் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் சுத்திகரிப்பும் இல்லாமல் உப்பும் சோடாவும் கலந்த சாயத் தண்ணீரைத் தோட்டத்தில் விடுவது, ஒன்றரை கிலோ நூலை மிச்சப்படுத்தக் கிணற்றைக் கெடுப்பது.

ஆக நிறங்களை ஒன்பதாகக் குறைத்தார்கள். பழைய 71 கிலோ நூலைச் சமையலறைத் துண்டுகளின் கோடுகளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். கோட்டில் ஒரு நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் தெரியாது. 2023 டிசம்பரில் 18 கிலோ மட்டும் மிச்சமிருந்தது.

முதல் மூன்று மாதத்தில் கெட்டுப்போன 4.5 கிலோவும் ஒரே லாட்டு மெரூன் ஊடையால் வந்தது. நெய்து அலசியபோது பாவின் வெள்ளை இழையெல்லாம் ரோஸாகி, 38 மீட்டர் வீண். சாயம் போட்டபின் சரியாக சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசாததே காரணம். இப்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சிறு சிட்டத்தை வெள்ளை நூலோடு பின்னி, கை பொறுக்காத சூட்டில் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் கட்டு திரும்பிப் போகும்.

மூன்றாவது முடிவு: வெட்டு

சமையலறைத் துண்டின் வெட்டளவு 18க்கு 28 அங்குலம். 46 அகலத்தில் 18 வீதம் இரண்டு வெட்டினால் 10 அங்குலப் பட்டை மிஞ்சும். துணியில் அது 22 சதவீதம். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு கடையில் வாங்கிய மாதிரித் துண்டிலிருந்து. அது 36 அங்குல மில் துணிக்கு ஏற்ற அளவு.

கட்டிங் மாஸ்டர் 28-ம் 18-ம் கூட்டினால் 46 வருவதைக் கவனித்து, ஒரு வரிசையைக் குறுக்கிலும் ஒரு வரிசையை நெடுக்கிலும் வெட்டினார். 252 அங்குல நீளத்தில் ஒரு பக்கம் பதினான்கு, மறுபக்கம் ஒன்பது, வெட்டுத்துண்டே விழாது. கணக்கில் குறை இல்லை. ஆனால் சில துண்டில் கோடு படுக்கையாகவும் சிலதில் நட்டுக்குத்தாகவும் வந்தது. ஜோடியாக விற்கிற பொருள். கடை திருப்பி அனுப்பியது. பிறகு துண்டின் அளவையே 23க்கு 17 ஆக மாற்றினார்கள். அகலத்தில் இரண்டு, ஒரு ஓரம் நெசவுக் கரையாகவே நிற்கும், மூன்று பக்கம் மட்டும் மடித்துத் தைத்தால் போதும். தையல் நேரமும் குறைந்தது. துண்டு சிறிதாகிவிட்டது என்று எந்தக் கடையும் சொல்லவில்லை.

குர்தாவுக்கு வேலை அதிகம். பழைய மாதிரி இடுப்பில் ஒடுங்கி, கை பொருத்தும் இடம் வளைந்திருந்தது. ஒன்றுக்கு 1.90 மீட்டர் பிடித்தது. வளைவு உள்ள இடத்தில்தான் துண்டு விழும். புதிய மாதிரியில் எல்லாம் நேர்வெட்டு. முன்னும் பின்னும் 23 அங்குல அகலம், 42 நீளம், இரண்டும் அகலத்தில் பக்கம் பக்கமாக அடங்கும். அடுத்த 20 அங்குலத்தில் 15 அங்குல அகலக் கை இரண்டு. மிஞ்சும் 16க்கு 20 இடத்தில் அக்குள் சதுரம் இரண்டு, பாக்கெட், கழுத்துப்பட்டி. மொத்தம் 62 அங்குலம், ஓரம் சேர்த்து 1.60 மீட்டர். நெசவுக் கரை பக்கத் தையலுக்கு வருவதால் அங்கே ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) வேண்டாம். நம் பழைய ஜிப்பாவை வெட்டிய முறையும் ஏறக்குறைய இதுதான்.

பிசகியது மூன்று இடத்தில். 4 அங்குல அக்குள் சதுரம் கையைத் தூக்கும்போது இழுத்துத் தையல் விட்டது. 5 அங்குலமாக்கி, கழுத்துப்பட்டியின் அகலத்தைக் குறைத்து இடம் கண்டார்கள். இரண்டாவது, இந்த வெட்டில் சுற்றளவு 44 அங்குலத்துக்கு மேல் வராது. பெரிய சைஸுக்குப் பக்கவாட்டில் 3 அங்குலப் பட்டை ஒட்ட வேண்டும், அதற்குத் துணி தனி. மூன்றாவதுதான் அதிகம் தொந்தரவு கொடுத்தது: அகலம். விட்டுக்கொடுக்க ஒரு அங்குலம்கூட இல்லாத வெட்டு இது. நெய்யும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் குச்சியை இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு முறை நகர்த்தாமல் விட்டால் ஓரம் உள்ளே வாங்கும், அலசிய பின் அகலம் 45-க்கு வந்துவிடும். பழைய வெட்டில் அது யாருக்கும் தெரியாது, இதில் முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாது. அளவுக்கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சியைத் தறிக்கு ஒன்றாகக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். குறைந்த துணி வந்தால் கூலியில் பிடிப்பதில்லை, சமையலறைத் துண்டுக்கு ஒதுக்குவார்கள். பிடித்திருந்தால் துணியை இழுத்து நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

என்ன ஆயிற்று

2023 ஜூலை முதல் செப்டம்பர் வரை மீண்டும் எடை போட்டார்கள். தறிக்குப் போன நூல் 264 கிலோ, நெய்தது 2,080 மீட்டர், 250 கிலோ. பாவு மாற்றம் 36 மட்டும். பாவு நுனியில் 2.3 கிலோ, தாரில் 4, சிட்டத்தில் 4.8, கெட்ட துணி 2.9. தைக்கப் போன 163 கிலோவில் வெட்டுத்துண்டு 12.5 கிலோ. மொத்தம் 26.5 கிலோ, பத்து சதவீதம்.

இந்தக் காலத்தில் நூல் விலையும் இறங்கியிருந்தது. ஆகவே காசில் வந்த லாபத்தை முழுக்க இந்த மாற்றங்களின் கணக்கில் எழுத முடியாது. கிலோவில்தான் ஒப்பிட வேண்டும். சிட்டத்தில் போவது அப்படியே நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு இவர்கள் எதுவும் செய்யவில்லை, மில்லிலிருந்து வரும் நூலின் தரமும் சாயப்பட்டறையின் கைப்பழக்கமும் அதைத் தீர்மானிக்கின்றன.

அதே தறி, அதே ஆள், 230 மீட்டர் கூடுதல் துணி. பிணைப்பு நாள் குறைந்ததால் நெசவாளர்களின் வரும்படி ஏறியது. ஒட்டுத்துணிப் பை தைப்பது நிறுத்தப்பட்டது. மூட்டைகளில் வெள்ளைப் பருத்தியையும் நிறத்துண்டையும் பிரித்து, கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓ.இ. மில்களுக்கு வாங்கும் வியாபாரிக்குக் கொடுத்தார்கள். பிரிக்காமல் கொடுத்தபோது கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெள்ளைக்கு விலை கிடைத்தது.

'ஜீரோ வேஸ்ட்' அட்டையை 2023 தீபாவளி விற்பனைக்கு முன் எடுத்துவிட்டார்கள். பத்து சதவீதம் கழிவு உள்ள கூடம் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பது அக்காளின் முடிவு. இப்போது அட்டையில் துணி எடை, நூல் நம்பர், துவைக்கும் முறை மட்டும் இருக்கிறது. விற்பனை இதனால் குறையவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எடை போடுவது 2021-லேயே நடந்திருக்க வேண்டும், அட்டை அச்சடிப்பதற்கு முன்னால். ஒட்டுத்துணிப் பைக்குப் போன தையல் நாள்களின் கூலி, அந்தப் பைகளில் தப்பிய துணியின் விலையைவிட அதிகம். துண்டிலிருந்து பொருள் செய்வது தவறில்லை. ஆனால் தையல் ஆளுக்கு வேலை இல்லாத வாரங்களில், ஆர்டர் கையில் இருந்தால் மட்டும்.

சமையலறைத் துண்டின் அளவை மாற்றுவது ஒரு நாள் வேலை, காசும் ஆகாது. அதை முதலில் செய்துவிட்டுப் பாவுக்குப் போயிருக்கலாம். இவர்கள் தறியிலிருந்து தொடங்கியதால் ஐந்து மாதம் 10 அங்குலப் பட்டை விழுந்துகொண்டே இருந்தது. தறியும் தையலும் சேர்ந்த கூடங்களில் மேசையிலிருந்து பின்னோக்கிப் போவதே நல்லது, அங்கேதான் கிலோவின் விலை அதிகம்.

பெரிய சைஸ் குர்தாவுக்கு ஒரு தறியில் அகலமான அச்சு போட்டு 50 அங்குலத் துணி நெய்வது திட்டத்தில் இருக்கிறது. புது அச்சு, புது விழுது, 2,300-க்கும் மேல் இழை. பெரிய சைஸ் மாதத்துக்கு நாற்பதாவது விற்றால்தான் கட்டும். 2024 மார்ச் வரை இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

தீராமல் நிற்பது தையல் நூல். கூடத்தில் தைப்பது பாலியஸ்டர் நூலில். அது கலந்த துண்டை மில் வியாபாரி வெள்ளை விலைக்கு எடுப்பதில்லை, ஓவர்லாக் கத்தரித்த பொடியைத் தொடுவதே இல்லை. பருத்தி நூலுக்கு மாறிப் பார்த்தார்கள். அக்குள் சதுரத்தின் நான்கு மூலையிலும் அறுந்தது, மெஷின் வேகத்தைக் குறைத்தும் நிற்கவில்லை. இப்போதைக்கு அக்குளும் கழுத்தும் பாலியஸ்டரில், நேர்த்தையல்கள் பருத்தியில். ஒரு மெஷினில் ஒரு நூல் என்று பிரித்துவிட்டதால் நூற்கண்டு மாற்றும் நேரம் இல்லை, ஆனால் ஒவ்வொரு குர்தாவும் இரண்டு மெஷினுக்குக் கை மாறுகிறது. ஓவர்லாக் பொடி மாதம் ஒரு சாக்கு சேர்கிறது. அதற்கு வழி கிடைக்கவில்லை.